எந்த இரை என்று கேட்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேட்டூர் அணையில் தூண்டில் போடப் போகிறாய். உயிர் இரை கொண்டுபோகலாமா, கடையில் தொங்கும் ரப்பர் தவளை வாங்கலாமா, ‘ஒரே வரியில் சொல்லுங்கள் ஐயா’ என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரிப் பதில் என்னிடம் கிடையாது. இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். உன் நண்பர்கள் சொன்னதாகக் கீழே எழுதியிருக்கிறாயே, ‘உயிரோடு துடிக்கிற இரைக்கு விழாத மீனே இல்லை, பிளாஸ்டிக்கெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு’ என்று, அதுதான் என்னை உடனே பேனாவை எடுக்கவைத்தது. வகுப்பில் பாடம் நடத்திய காலத்திலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன். இப்போது அதற்கு எதிர்ப்பாட்டும் வந்துவிட்டது: லூர் என்கிற செயற்கை இரை போடுகிறவன்தான் அசல் தூண்டில்காரன், புழு குத்துகிறவன் சோம்பேறி என்று. இரண்டும் மீனைப் பற்றிப் பேசவில்லை. பிடிக்கிறவனின் பெருமையைப் பேசுகின்றன.

உன் கேள்வியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டே கதவு வைத்திருக்கிறாய். அணைகளில் குஞ்சு விட்டு வளர்க்கிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் பெரும்பாலும் அந்த இரண்டு கதவிலும் நுழையாத மீன்கள். கட்லாவின் முகத்தைக் கவனித்திருக்கிறாயா? கீழ்த்தாடை முன்னுக்கு வந்து வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசையே இருக்காது. தண்ணீரின் மேல்பகுதியில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுள் முட்களால் வடிகட்டித் தின்கிற மீன் அது. அதன் முன்னால் துடிக்கும் கெண்டைக்குஞ்சைத் தொங்கவிடுவதும் மினுங்கும் தகட்டை இழுப்பதும் ஒன்றுதான், இரண்டும் வீண். அதற்கு வேண்டியது தண்ணீரில் விழுந்ததும் பொலபொலவென்று உதிர்கிற மாவு. கடலைப் பிண்ணாக்கும் பொட்டுக்கடலை மாவும் பிசைந்த உருண்டை உதிர்ந்து மேகமாகப் பரவ, அந்த மேகத்தின் நடுவே முள் நிற்க வேண்டும். மிர்காலுக்கு அதே மாவை இறுக்கிப் பிசைந்து தரையில் போட வேண்டும், அது அடிமண்ணைக் கிளறி மேய்கிற மீன். ரோகு இரண்டுக்கும் நடுவில். கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. தனி இரைப்பையும் இல்லை. ஆகவே இந்த மூன்றும் கடித்து இழுக்காது. உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பும், மறுபடி உறிஞ்சும். கனமான தக்கையும் பெரிய முள்ளும் போட்டுவிட்டு ‘மீன் இல்லை’ என்று எழுந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ், குளத்துத் தூண்டிலுக்கென்றே ஒரு தனிப் புத்தகம் எழுதி 1887இல் வெளியிட்டார். எங்காவது பழைய நூலகத்தில் கிடைத்தால் வாசித்துப் பார்.

சரி, நீ கேட்டது வேட்டை மீன்களை மனத்தில் வைத்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். விரால், ஆற்றுவாளை, மலைப்பக்கம் போனால் மயில்கெண்டை. இவற்றுக்குத்தான் உயிரா, போலியா என்கிற வாதம் பொருந்தும். அதிலும் என் கட்சி ஒன்றுதான்: இரைக்கு உயிர் இருக்கிறதா என்று மீன் விசாரிப்பதில்லை. தன் புலன்களில் எது இரையைக் காட்டிக்கொடுக்கிறதோ அதை நம்பிப் பாய்கிறது. அந்தப் புலன் எது என்று தெரிந்தால் இரை தானே முடிவாகிவிடும்.

மீனுக்கு மோப்பம் உண்டு, கண் உண்டு, இவை தவிர நமக்கு இல்லாத ஒன்றும் உண்டு. செவுளிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஓடுகிற ஒரு கோட்டை நீ அறுத்துப் பார்த்த மீன்களிலெல்லாம் பார்த்திருப்பாய். அதில் நுண்ணிய உணர்மயிர்கள் இருக்கின்றன. நம் உட்காதில் இருக்கும் செல்களுக்கு உறவுக்காரர்கள். பக்கத்தில் தண்ணீர் அசைந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அந்தக் கோடு சொல்லிவிடும். ஆனால் அதன் எல்லை சிறியது, மீனின் உடல் நீளத்தைப் போல ஓரிரு மடங்குதான். தூரத்திலிருந்து அழைப்பது மணமும் கண்ணும். கடைசிப் பாய்ச்சலுக்குக் குறிவைத்துக் கொடுப்பது இந்தக் கோடு.

பின்லாந்தில் லௌரி ராபாலா என்று ஒரு மீனவர் இருந்தார். வறுமைக்காரர். ஏரியில் படகு தள்ளிக்கொண்டே தண்ணீருக்குள் பார்ப்பார். சின்ன மீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் புகும்போது கண்டபடி கடிப்பதில்லை, கூட்டத்தில் சற்றே தடுமாறி நீந்துகிற ஒன்றைத் தேடிப் பாய்கிறது என்று கண்டுகொண்டார். 1936இல் தக்கையைச் செதுக்கி, மேலே மினுங்கும் ஈயத்தாள் சுற்றி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அந்தத் தடுமாற்றத்தோடு நீந்துகிற ஒரு போலி மீனைச் செய்தார். 1962இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் அதைப் பற்றி எழுதியது. மர்லின் மன்றோ அட்டைப்படத்தில் இருந்த இதழ் அது. கட்டுரையின் புண்ணியமா, அட்டையின் புண்ணியமா தெரியாது, பிறகு அந்தப் போலி மீன் உலகமெல்லாம் போயிற்று. நல்ல செயற்கை இரை என்பது மீனைப் போலத் தோன்றுவது அல்ல, அடிபட்ட மீனைப் போல நடுங்குவது. கண்ணும் செதிலும் அச்சாக வரைந்திருக்கிற இரையைக் கடையில் பார்த்து மயங்காதே. அந்த ஓவியம் உனக்காக வரைந்தது. மேல்மட்டத்தில் மிதக்கிற தவளை லூரின் முதுகில் எத்தனை புள்ளி வைத்தால் என்ன? கீழேயிருந்து பார்க்கிற விராலுக்குத் தெரிவது வெளிச்ச வானத்தின் கீழ் நகர்கிற ஒரு கறுப்பு வயிறு.

விராலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள். அது தண்ணீருக்குள் இருந்தாலும் காற்றை விழுங்காமல் பிழைக்காது. தலைக்குள் செவுளுக்கு மேலே அதற்கென்று ஓர் அறை வைத்திருக்கிறது. அதனால் அடிக்கடி மேலே வரும். மேலே வருகிற மீனுக்கு மேற்பரப்பில் நடக்கிற சங்கதி அத்தனையும் தெரியும். தவளை தத்தினாலும் தட்டான் விழுந்தாலும் அதன் கணக்கில் வந்துவிடும். அகநானூற்றின் 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் ஒரு விராலைக் காட்டுகிறார். தூண்டில் இரையைக் கவ்வியபின் ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, வள்ளைக் கொடிகளைக் குழப்பிவிட்டு, வேட்டுவன் இழுத்தும் வராமல் நிற்கிறது அது. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது தாவரப் பட்டியல்தான். விரால் எங்கே நிற்கும் என்று அதைவிடத் துல்லியமாக எந்தக் கையேடும் சொல்லவில்லை. இரை என்ன என்று மட்டும் புலவர் சொல்லாமல் போய்விட்டார்.

இன்று அந்த ஆம்பல் காட்டில் ரப்பர் தவளைக்கு ஈடு இல்லை. காரணம் அதன் உருவம் அல்ல, முள்ளின் அமைப்பு. இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். இலை மேலும் கொடி மேலும் சிக்காமல் இழுக்கலாம். விரால் கவ்வி அமுக்கினால்தான் மெத்தென்ற உடல் நசுங்கி முள் வெளியே நீட்டும். அதனால்தான் தண்ணீர் தெறித்த உடனே கோலைத் தூக்கக் கூடாது, தங்கூசியின் இழுப்பு கையில் தெரிகிறவரை பொறுக்க வேண்டும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் தவறவிடுவதெல்லாம் அந்த அவசரத்தில்தான். உயிர்த் தவளையைக் குத்தி அதே இடத்தில் போட்டால் முதல் கொடியிலேயே மாட்டிக்கொள்ளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை: தவளையை உயிரோடு முள்ளில் குத்தாதே. தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் நம் நாடு தடைசெய்தது சும்மா இல்லை. வயல்பூச்சியைத் தின்னத் தவளை வேண்டும் என்று உழவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வந்த தடை அது. அதே வேலையை ரப்பர் செய்கிறபோது தவளை எதற்கு?

ஆனால் மேட்டூரின் விரிந்த நீர்ப்பரப்பு ஆம்பல் குளம் இல்லை. கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிற தண்ணீரில், மீன் எங்கே என்பதே முதல் சிக்கல். உயிர் இரை கடைத்தெருவில் திறந்து உட்கார்ந்திருக்கும் கடை. லூர் தெருத்தெருவாகக் கூவிப்போகிற தள்ளுவண்டி. வாடிக்கையாளர் வருகிற மூலை உனக்குத் தெரிந்திருந்தால் கடை போடு: பழைய ஓடை அணைக்குள் இறங்குகிற வாய், மூழ்கிய பாறைத் திட்டு, மட்டம் இறங்கும்போது தலைகாட்டுகிற மரக்கட்டை. அங்கே ஒரு கெண்டைக்குஞ்சைக் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். இடம் தெரியாவிட்டால் லூரை விசிறி விசிறி எறிந்து தேடுவதுதான் அறிவு. ஒரு காலைப்பொழுதில் லூர் தேடிவிடுகிற தண்ணீரை உயிர் இரை ஒரு வாரத்திலும் தேடாது.

அடுத்தது தண்ணீரின் நிறம். கர்நாடகத்தில் மழை பிடித்து, ஆடியில் காவிரி செந்நிறமாகப் புதுவெள்ளத்தோடு அணைக்குள் வரும்போது கண்ணால் வேட்டையாடுகிற மீனுக்கு லூர் தெரியவே தெரியாது. அப்போது மணம் பேச வேண்டும். மண்புழுக் கொத்து, வெட்டிய மீன்துண்டு, கூனி இறால் இவையெல்லாம் அந்த நாட்களுக்கு. வெள்ளம் தணிந்து தண்ணீர் தெளிந்தபிறகு லூருக்குக் காலம். ஆற்றுவாளைக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். இரவில் இரை தேடுகிற மீன், நீண்ட மீசை, கண்ணுக்கும் பின்னால் வரை கிழிந்த வாய். அந்தி சாய்ந்தபின் செத்த மீனின் துண்டே அதற்குப் போதும். துடிப்பதா துடிக்காததா என்று அது தேர்வு வைப்பதில்லை. உன் நண்பர்களின் வாக்கியத்துக்கு இந்த வாளை ஒன்றே மறுப்பு.

உயிர் மீனை இரையாகக் கொண்டுபோவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஏதோ ஒரு குட்டையில் அள்ளிய குஞ்சுகளை வாளியில் கொண்டுபோய், பிடித்து முடித்ததும் மிச்சத்தைத் தண்ணீரிலேயே ‘பிழைத்துப் போகட்டும்’ என்று கொட்டிவிடுவார்கள். புண்ணியம் செய்ததாக நினைப்பு வேறு! ஜிலேபி மீன் நம் நாட்டுக்கு 1952இல் வந்தது. இன்று அது இல்லாத குளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வளர்ப்புக்கே தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் நீர்நிலைகளில் பரவிவிட்டது. எந்தக் குஞ்சு எந்த இனம் என்று விரல்நீளத்தில் உனக்கே சந்தேகம் வரும். ஆகவே அந்த அணையில் பிடித்ததை அந்த அணையிலேயே இரையாக்கு. வெளியே இருந்து எதையும் கொண்டுவராதே, மிச்சத்தைக் கொட்டாதே. போகுமுன் அங்கே மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அனுமதியும் வாங்கிக்கொள்.

கடைசியாக, நீ அனுப்பிய அந்தக் காணொளி. தவளை லூர் விழுந்த நொடியிலேயே விரால் பாய்கிறது, ‘நூறு சதவீதம் அடி’ என்று பிடித்தவர் கூவுகிறார். நிறுத்திப் பார். லூர் விழுமுன் அந்த இடத்தில் தண்ணீர் பொடிப்பொடியாகக் கொப்பளிக்கிறது, நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் நகர்கிறது. அவை விரால் குஞ்சுகள், காற்று விழுங்க மேலே வருகின்றன. கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அவை பாய்ந்தது பசியால் அல்ல, குஞ்சின் மேல் விழுந்த எதையும் விரட்டுகிற வெறியால். ஒரு செருப்பை எறிந்திருந்தாலும் பாய்ந்திருக்கும். அதை வைத்து லூரின் பெருமை பேசுவது அபத்தம். பெற்றோரை இழுத்துவிட்டால் சுற்றி நிற்கிற மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைச் சிறிது நேரத்தில் தின்று தீர்த்துவிடும், அடுத்த ஆண்டு அந்தக் குளத்தில் விரால் குறைந்துவிட்டது என்று அதே ஆள் புலம்புவார். மழைக்காலத்தில் செம்மஞ்சள் கூட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு மூலைக்குப் போ. உன் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்