அகதிக் குடும்பங்கள் ஒன்றுசேர உள்ளூர் வழக்கறிஞர் என்ன செய்யலாம்?

கேள்வி: பெரியபாளையத்தில் வசிக்கும் நாங்கள் ஊத்துக்கோட்டை, பொன்னேரி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர்கள். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். கணவர் 2012-இல் படகில் ஆஸ்திரேலியா போனவர். இப்போது அவருக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. குடும்பத்தை அழைத்துக்கொள்ள விரும்புகிறார். இதுபோன்ற குடும்பங்களுக்குக் கட்டணம் வாங்காமல் உதவ நினைக்கிறோம். வெளிநாட்டுச் சட்டம் சம்பந்தப்பட்ட காரியத்தில் நாங்கள் இறங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அகதியாகப் போன ஒருவர் தன் மனைவி மக்களைத் தான் இருக்கும் நாட்டுக்கு அழைத்துக்கொள்வதே குடும்ப இணைப்பு. விசா தருவதும் மறுப்பதும் அந்த நாட்டின் அதிகாரம். ஆனால் விண்ணப்பம் தேறுமா என்பது பெரும்பாலும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, முகாம் பதிவேடு, நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றைப் பொறுத்தது. இவை கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகத்திலும் பொன்னேரி நீதிமன்றத்திலும் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் கிடக்கின்றன. அங்கெல்லாம் ஏறி இறங்க ஆள் இல்லாமல்தான் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பிரிந்து கிடக்கின்றன. உள்ளூர் வழக்கறிஞர் தாராளமாக இதில் இறங்கலாம்.

கட்டணமில்லாமல் உதவுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் இலவச சட்ட உதவி செய்வது வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்று இந்திய பார் கவுன்சில் விதிகளே கூறுகின்றன. அரசின் சட்ட உதவியும் அகதிகளுக்கு உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, வழக்குத் தொடுக்கவோ எதிர்கொள்ளவோ வேண்டிய எந்த நபரையும் பற்றிப் பேசுகிறது, குடியுரிமையை நிபந்தனையாக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றித் தகுதி பெறுகிறார்கள். இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சட்ட ஆலோசனை சொல்வதும் அந்தச் சட்டத்தின்படி சட்டப்பணியே. ஆகவே திருவள்ளூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாகவும் இந்தக் குடும்பங்களின் வழக்குகளை எடுத்து நடத்தலாம். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை முகாமில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியச் சட்டப்படி எந்த விசாவுக்கு, எப்போது விண்ணப்பிப்பது என்ற ஆலோசனையை அந்நாட்டு வழக்கறிஞரோ பதிவு பெற்ற குடியேற்ற முகவரோதான் சொல்ல வேண்டும். சிட்னியில் உள்ள ரேக்ஸ், மெல்போர்னில் உள்ள ரெஃப்யூஜி லீகல் போன்ற அமைப்புகள் அகதிகளுக்குக் கட்டணமின்றி இந்த வேலையைச் செய்கின்றன. கணவர் முதலில் அங்கே ஒரு வழக்கறிஞரைப் பிடிக்கட்டும். அவர் கேட்கும் ஆவணங்களை இங்கிருந்து திரட்டி, சரிபார்த்து அனுப்புவது உள்ளூர் வழக்கறிஞரின் பங்கு.

படகில் போய்த் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்கள் நீண்டகாலம் குடும்பத்தை அழைக்க முடியாமல் தவித்தார்கள். 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்ததும், குடும்ப விசாப் பிரிவில் மனைவிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் வந்தது. இதில் பிள்ளைகளின் வயதுதான் பெரிய நெருக்கடி. தகப்பன் புறப்பட்டபோது சிறுபிள்ளையாக இருந்தது இன்று பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும். 18 வயது தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளை இன்னும் பெற்றோரைச் சார்ந்தே வாழ்கிறது என்று தனியே நிரூபிக்க வேண்டும். சில வயது வரம்புகளுக்குப் பிறகு அதற்கும் வழியில்லை. கோப்பைத் திறந்த அன்றே மூத்த பிள்ளையின் பிறந்த தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தத் தேதியைச் சொல்லும் சான்றிதழிலேயே சிக்கல் தொடங்குகிறது. பிறப்பு பதிவே ஆகாத பிள்ளைகள் உண்டு. பதிவாகியும் பெயர் ஏறாத சான்றுகள் உண்டு. ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிவு செய்ய, 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவின்படி இப்போது நிர்வாகத் துறை நடுவரின் ஆணை வேண்டும். முன்பு இந்த அதிகாரம் நீதித்துறை நடுவரிடம் இருந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்துக்குப் பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்கலாம். விடுபட்ட பெயரைச் சேர்க்க 14-ஆவது பிரிவும், பிழையைத் திருத்த 15-ஆவது பிரிவும் இருக்கின்றன.

பெயர் விஷயத்தில் தனிப் பொறுமை வேண்டும். தாயின் இலங்கைப் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். முகாம் அட்டையில் அதுவே ஒற்றை எழுத்து இனிஷியலாகிவிடும். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும். கணவர் ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் மொழிபெயர்ப்பாளர் எழுதியது இன்னொன்றாக இருக்கும். எல்லா ஆவணங்களையும் வரிசையாக அடுக்கி, எதில் எப்படி எழுதியிருக்கிறது, ஏன் வேறுபடுகிறது என்று ஒரே பிரமாணப் பத்திரத்தில் விளக்குவது நல்லது. ஒத்துவர வேண்டும் என்பதற்காகப் புதிதாக ஒரு சான்றைத் தயாரித்துத் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். போலி ஆவணம் பிடிபட்டால் ஆஸ்திரேலிய விசாவுக்கு 3 ஆண்டுத் தடை. ஆள் அடையாளத்திலேயே பொய் என்றால் 10 ஆண்டு.

கணவன் மனைவி உறவைக் காட்டுவது அடுத்தது. முகாமிலிருந்து படகேறியவர் தணிக்கையின்போது ஆள் இல்லை என்றதும் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். இன்றைய அட்டையில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். அவர் பெயரோடு இருந்த பழைய அட்டை, அது நைந்துபோயிருந்தாலும், விலைமதிப்பற்ற சான்று. அது தொலைந்திருந்தால் பழைய பதிவின் நகல் கேட்டு வட்டாட்சியரிடமும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் மனுக் கொடுக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால் அந்தப் பெண் அதன்கீழ் கேட்க முடியாது. மனுவுக்குப் பதில் வராவிட்டால் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகலாம்; 14, 21 ஆகிய பிரிவுகளின் பாதுகாப்பு இந்திய மண்ணில் உள்ள எல்லோருக்கும் உண்டு. கணவர் மாதாமாதம் அனுப்பிய பணத்தின் ரசீதுகள், வாட்ஸ்ஆப் அழைப்புப் பதிவுகள், கோயிலிலோ தேவாலயத்திலோ நடந்த திருமணத்தின் பதிவுகள் எல்லாம் துணைச் சான்றுகள்.

அடுத்து பாஸ்போர்ட். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்து, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால் அந்தப் பிள்ளை பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆவதில்லை. இலங்கைக் குடியுரிமையும் தானாக வருவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பதிவு செய்த பின்பே கிடைக்கும். அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று தேவை. மன்னாரிலோ வவுனியாவிலோ உறவினர் இருந்தால் நகல் எடுத்து அனுப்பச் சொல்லலாம். மலையகத் தமிழர் வழிவந்த குடும்பங்களுக்கு 2003-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், இந்தியாவில் அகதிகளாக இருப்பவர்களுக்கும் அதை விரித்த 2009 திருத்தமும் பொருந்தும். சா. செ. சந்திரகாசன் 1980-களில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தப் பதிவு வேலையில் நீண்ட அனுபவம் உள்ளது. புதிதாக இறங்குபவர்கள் அவர்களிடம் கேட்டுக் கற்பது நேரத்தை மிச்சமாக்கும்.

உள்ளூர் வழக்கறிஞரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. முகாமில் பலர் மேல் பழைய வழக்குகள் இருக்கின்றன. படகேற முயன்று பிடிபட்டதாக ஒரு எஃப்.ஐ.ஆர். பதிவாகி, ஜாமீனில் வந்த பிறகு அதை மறந்தே போயிருப்பார்கள். நாடு விட்டுப் போக அனுமதி கேட்கும்போது காவல்துறையின் க்யூ பிரிவு அறிக்கையில் அது எழுந்து நிற்கும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டு, எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம் என்று தேடிப் பிடித்து, விசாரணையை விரைவுபடுத்தவோ, தகுந்த வழக்கானால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆவது பிரிவின்கீழ் ரத்து கோரவோ வேண்டும். விசா கைக்கு வந்த பிறகு இதைத் தொடங்கினால் விசாவின் கெடுவே முடிந்துவிடும்.

வெளியேறும் அனுமதியைச் சென்னையில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் தருகிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. முகாமில் உள்ளவர்களும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா தொடர்பான விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தோடு முகாம் பதிவின் நகலை வைக்க வேண்டியதற்கு அதுவே காரணம்.

பிற நாடுகளில் உறவினர் உள்ள குடும்பங்களும் வரும். பிரிட்டன் 2025 செப்டம்பர் 4 முதல் அகதிகளுக்கான தனி குடும்ப இணைப்பு வழியில் புது விண்ணப்பங்களை நிறுத்திவைத்ததால் சாதாரணக் குடும்ப விசாவின் வருமான நிபந்தனைகளைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. கனடாவில் அகதி தன் முதல் விண்ணப்பத்தில் மனைவியையோ பிள்ளையையோ சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் அழைப்பது மிகக் கடினம். இலங்கைக்கே திரும்பிக் குடும்பத்தோடு சேர நினைப்பவர்கள் அவசரப்படக் கூடாது. 2025 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு முறைப்படி வெளியேறவில்லை என்று பலாலி விமான நிலையத்தில் கைதானார்.

மனைவியைத் தனியே சந்தித்துப் பேசுவது கட்டாயம். பத்து ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்தவர் போக விரும்புகிறாரா, பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள், கணவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறதா என்பதையெல்லாம் கணவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவரால் சொல்ல முடியாது. இங்கே கட்சிக்காரர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். இருவருக்கும் நலன் மாறுபட்டால் ஒருவருக்கு வேறு வழக்கறிஞர் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்சிக்காரர் சொன்னவை பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆவது பிரிவின்படி ரகசியமானவை. முகாம் நிர்வாகம் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கறிஞர் கட்டணம் வாங்காவிட்டாலும் அரசுக் கட்டணங்கள் இருக்கவே செய்கின்றன. மனைவிக்கான ஆஸ்திரேலிய விசாவுக்கு மட்டும் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மருத்துவப் பரிசோதனை, காவல்துறை நற்சான்று, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை, தூதரகத்தில் தாமதமாகப் பதிவதற்கான கட்டணம் என எல்லாமும் சேரும். இவற்றை யார் கட்டுவது, எப்போது கட்டுவது என்று இரு தரப்புக்கும் முதல் நாளே தமிழில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் ஆவணம் எதையும் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளாமல் நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.