உப்புத்தாளில் ஓர் அகரம்

நுழையும்முன்
எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அமரும் வகுப்பறையை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்குக் காட்டும் இரக்கமாகவே பலர் கருதுகின்றனர். மழலையர் கல்வியின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

1896ஆம் ஆண்டு உரோம் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றவர் மரியா மாண்டிசோரி. மனநல மருத்துவமனைகளுக்குச் சென்றபோது, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அவர் அங்கே கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே முதன்மையான தேவை என்னும் முடிவுக்கு வந்தார். காது கேளாத குழந்தைகளோடு பணியாற்றிய இத்தார், அவர்தம் மாணவர் செகேன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்களின் நூல்களைக் கற்றார். தொட்டும் பொருத்தியும் அறிவதற்கான பொருள்களை உருவாக்கினார். அவரிடம் பயின்ற குழந்தைகள் சிலர், மற்றக் குழந்தைகளுக்கு நடத்தப்பட்ட தேர்விலேயே தேர்ச்சி பெற்றனர். கண்டோர் வியந்தனர். மாண்டிசோரியோ, குறையேதுமற்ற குழந்தைகளை இவர்களுக்குச் சமமான நிலையிலேயே நிறுத்தி வைத்திருப்பது எது என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு விடை தேடும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வாய்த்தது. உரோமின் சான் லொரென்சோ பகுதியில், வேலைக்குச் செல்லும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காகக் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பிறந்த முறை, அனைவருக்குமான முறையாக வளர்ந்தது அங்கேதான். (இன்று அவர் பெயர் பெரும்பாலும் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணப்படுகிறது. சான் லொரென்சோவை அப்பலகைகள் நினைவூட்டுவதில்லை.)

அம்முறையில் ஒன்றை நோக்குவோம். உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டிப் பலகையில் ஒட்டுவர். எழுதும் திசையிலேயே குழந்தை அதனை விரலால் தடவிச் செல்லும்; ஆசிரியர் அதன் ஒலியைச் சொல்வார். கண், விரல், செவி என மூன்று வாயில்கள் வழியே ஓர் எழுத்து உள்ளே நுழைகிறது. பார்வை குறைந்த குழந்தைக்கு விரலும் செவியும் உண்டு. செவித்திறன் குறைந்த குழந்தைக்குக் கண்ணும் விரலும் உண்டு. குறையில்லாத குழந்தைக்கோ மூன்றும் துணை. திண்ணைப் பள்ளி மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் முன்னோர்க்கு இது புதிதன்று.

குமிழ் வைத்த மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவது மற்றொரு பயிற்சி. ஓர் உருளை இடம் மாறி அமர்ந்தால், இறுதியில் ஒன்று பொருந்தாது நிற்கும். பிழையைப் பொருளே காட்டிவிடுவதால், பிறர் முன்னிலையில் எவரும் திருத்த வேண்டியதில்லை. மெதுவாகக் கற்கும் குழந்தையின் தன்மதிப்பு இதனால் காக்கப்படுகிறது.

1939ஆம் ஆண்டு மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலமாதலால் ஐரோப்பா திரும்ப இயலாது, கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார்.

இன்று நம் ஊர் அங்கன்வாடிகளில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் முன்பருவக் கல்வி பெறுகின்றனர். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையை முதலில் கவனிக்கும் வாய்ப்பு, பெற்றோருக்கு அடுத்தபடியாக அங்கன்வாடிப் பணியாளருக்கே உரியது. 'பிடிவாதக்காரன்' என்று முத்திரை குத்துவதா, செவித்திறன் சோதனைக்கு அனுப்புவதா என்பதில் அக்குழந்தையின் மொழி வளர்ச்சியே அடங்கியிருக்கிறது. அவனைத் தம் முகம் தெரியுமாறு அமரச்செய்து, கையசைத்து, படம் காட்டிக் கதை சொல்லும் பணியாளரைப் பாருங்கள். ஒருவனுக்காகத் தொடங்கிய அக்கதையைக் கேட்க, கடைசி வரிசைப் பிள்ளைகளும் பாயை விட்டு முன்னே நகர்ந்து வருவர்.