சுகர் மேன் நம்மை ஏமாற்றிவிட்டாரா?

கேள்வி: 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படத்தைப் பார்த்துத்தான் ரோட்ரிகஸ் பாடல்களுக்கு அடிமையானேன். தெரிந்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைச் சிபாரிசு செய்திருக்கிறேன். 1979, 1981 ஆண்டுகளில் அவர் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் போய்ப் பாடியவர் என்று அண்மையில் படித்தேன். படம் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. பாட்டு இப்போதும் பிடிக்கிறது. படத்தை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. சின்ன விஷயத்துக்கு ரொம்ப அலட்டிக்கொள்கிறேனா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அலட்டல் இல்லை. உங்கள் எரிச்சல் நியாயமானது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சிக்ஸ்டோ ரோட்ரிகஸ், மெக்சிகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. 1970-ல் 'கோல்ட் ஃபேக்ட்', மறுவருடம் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' என்று இரண்டு ஆல்பங்கள் போட்டார். அமெரிக்காவில் இரண்டும் போணியாகவில்லை. மனிதர் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். தென்னாப்பிரிக்காவிலோ நிறவெறி ஆட்சியின் நடுவே வெள்ளை இளைஞர்கள் அந்தப் பாட்டுகளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆள் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டதாக அங்கே வதந்தி. பின்னாளில் கேப் டவுனில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஸ்டீபன் செகர்மனும் ஒரு பத்திரிகையாளரும் துருவித் துருவித் தேடி, அவர் உயிரோடிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1998-ல் அங்கே கச்சேரி. இதை ஸ்வீடன்காரர் மாலிக் பெஞ்செலூல் படமாக்கினார். 2012-ல் வந்த படம், அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கியது.

ஒரு வாழ்க்கையை ஒன்றரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். அதில் குற்றமில்லை. ஆனால் ஆஸ்திரேலியா ஓரத்தில் கிடந்த துண்டு அல்ல. 1998 மேடைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கட்டடம் இடித்துக்கொண்டிருந்தவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் துளிப் பதற்றமும் இல்லாமல் நிற்கிறார். நாம் வாய்பிளக்கிறோம். அவர் ஏற்கெனவே இரண்டு முறை கடல் கடந்து போய்ப் பாடியவர், 1981-ல் மிட்நைட் ஆயில் இசைக்குழுவோடு சேர்ந்தே போனவர் என்று தெரிந்திருந்தால் அந்தக் காட்சியில் பாதி வியப்பு கழன்றிருக்கும். அதற்காகத்தான் அதை விட்டார்கள் என்பது என் சந்தேகம்.

தேடியவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். அவர்கள் வளர்ந்த காலத்தில் தென்னாப்பிரிக்கா உலகம் ஒதுக்கி வைத்திருந்த நாடு, அப்போது இணையமும் கிடையாது. படத்தில் வானொலியின் ஆவணக் கிடங்குக்குப் போகும் காட்சி ஒன்று உண்டு. தணிக்கையில் விழுந்த பாட்டின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். அறிவிப்பாளர் ஆசைப்பட்டாலும் ஊசி அங்கே ஓடாது! பாட்டையே கீறிப் பூட்டிய ஊரில், பாடகர் சிட்னிக்குப் போனாரா இல்லையா என்று ரசிகருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? செகர்மனின் வியப்பு பொய்யில்லை. இயக்குநர் அந்த வியப்பை நமக்கும் கடத்த நினைத்தார். தனக்குத் தெரிந்ததை மறைத்து அதைச் செய்தார் என்பதுதான் உறுத்துகிறது. கடைசியில் இரண்டு வரி எழுத்தில் போட்டிருந்தால்கூடப் போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் விற்ற இசைத்தட்டுகளின் ராயல்டி எங்கே போனது? படம் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் ஆல்பங்களை வெளியிட்ட சசெக்ஸ் நிறுவனத்தை நடத்திய கிளாரன்ஸ் அவான்ட் வீடு வரை போகிறது. அவர் கோபப்படுகிறார். அதோடு கேள்வி அம்போ. அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவை மறைத்ததால் நமக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அவ்வளவுதான். இங்கே ஒரு கலைஞனின் கூலி சம்பந்தப்பட்டிருக்கிறது. தகராறு பின்னால் நீதிமன்றம் வரை போனது.

இத்தனை சொன்னாலும் படத்தை நான் தூக்கி எறியமாட்டேன். எழுபது வயதில் அவரை நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கிலும் கிளாஸ்டன்பரி விழாவிலும் பாட வைத்தது அந்தப் படம்தான். ஆஸ்கர் விழாவுக்கு மட்டும் அவர் போகவில்லை. படம் எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பெயரைத் தான் தட்டிப்பறிக்க விரும்பவில்லையாம். பெஞ்செலூல் 2014-ல், 36 வயதிலேயே இறந்துபோனார். ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்ட்டில் காலமானபோது வயது 81.

ஆகவே சிபாரிசை நிறுத்தாதீர்கள். இது ரோட்ரிகஸின் வரலாறு இல்லை, அவரைத் தேடிய தென்னாப்பிரிக்க ரசிகர்களின் கதை என்று சொல்லிக் கொடுங்கள். ஆஸ்திரேலியா சமாசாரத்தைப் படம் முடிந்தபிறகு சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லி அவர்கள் சுவாரசியத்தைக் கெடுக்க வேண்டாம். நீங்கள் 'ரோட்ரிகஸ் அலைவ்' ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். 1979 ஆஸ்திரேலியக் கச்சேரியில் பதிவாகி 1981-ல் வெளிவந்தது. படம் காட்டாமல் விட்ட அந்தக் கூட்டம் கைதட்டுவதை அதில் கேட்கலாம்.