பிரிந்து செல்லும் உரிமை உண்டா?

கூட்டுக் குடும்பத்தில் பங்காளி ஒருவர் பாகம் கேட்டால் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. ஒரு நாட்டின் மாநிலம் அவ்வாறு கேட்டால்? அரசியல் பாடத்தில் என் சிந்தையை ஈர்த்த வினா இது. அமெரிக்காவில் இதற்கு விடை தந்தது ஒரு கடன் பத்திர வழக்கு.

1861-இல் டெக்சாஸ் மாநிலம் ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், தன்னிடமிருந்த மத்திய அரசின் கடன் பத்திரங்கள் சிலவற்றை விற்றது. போருக்குப்பின் அமைந்த புதிய மாநில அரசு அவற்றை மீட்க உச்ச நீதிமன்றத்தை நாடியது. டெக்சாஸ் இப்போது மாநிலமே அன்று, அது இங்கு வழக்காட முடியாது என வாதிட்டனர் எதிர்த்தரப்பினர்.

1869-இல் தலைமை நீதிபதி சேஸ் தீர்ப்பளித்தார். ஒன்றியம் அழியாதது; மாநிலங்களும் அழியாதவை; விலகல் அறிவிப்பு செல்லாது. புரட்சியாலோ மாநிலங்களின் ஒப்புதலாலோ அன்றிப் பிரிவுக்கு வழியில்லை என்றார். பத்திரங்களும் டெக்சாசுக்கே உரியவை என்று முடிவாயிற்று.

‘ஒப்புதல்’ என்ற அச்சொல்லே இவ்வழக்கின் உயிர் எனக் கருதுகிறேன். கியூபெக் பற்றி 1998-இல் கனடா உச்ச நீதிமன்றம் கூறியதும் இதையொட்டியதே. ஒருதலையாகப் பிரிய உரிமையில்லை. ஆயினும் தெளிவான வினாவுக்கு மக்கள் தெளிவான பெரும்பான்மையால் ‘பிரிவோம்’ என்றால், ஏனையோர் பேச்சு நடத்தக் கடமைப்பட்டவர்கள்.

முன்னைய தீர்ப்பு ஆறு இலட்சம் உயிர்களைப் பலிகொண்ட போருக்குப்பின் வந்தது. பின்னையது 1995-ஆம் ஆண்டின் வாக்கெடுப்புக்குப்பின் வந்தது. பிரிய நினைப்போரும் உடனிருப்போரும் கூடிப் பேசி முடிவு காண வைப்பதே சட்டத்தின் பணி என்பது என் துணிபு.