சுரக்கட்டையும் கமகமும்

திருவில்லிபுத்தூரில் மார்கழி வைகறையிற் திருப்பாவை கேட்டோர், குரலானது சுரத்தினின்று சுரத்திற்கு இழைந்து செல்லுதலை அறிவர். அவ்விழைவே கமகம். ஆர்மோனியக் கட்டைகள் அதனைத் தாரா. இக்குறையும் காரணமாக 1940-இல் அகில இந்திய வானொலி அக்கருவியை விலக்கிற்று.

1983-இல் வெளிவந்த மிடி முறையில் இயங்கும் கீபோர்டுக்குத் தனக்கென ஒலியில்லை. எக்கட்டை, எவ்விசையில் அழுந்திற்று என்பதை 0 முதல் 127 வரையுள்ள எண்களாற் கணினிக்கு உரைக்கும். ஒலி தருவது பதிவு மென்பொருளே. கட்டைகள் படிப்படியாய் நிற்பினும், சுரத்தை வளைக்கும் சக்கரம் 16,384 நுண்படிகளை உடையது. வலக்கை கட்டையை அழுத்த, இடக்கை சக்கரத்தை மெல்ல உருட்டின், கமகம் ஓரளவு கைகூடும்.

ஆதலின், அண்டையூராகிய இராசபாளையத்தில் இல்லத்திலேயே பாடற்பதிவு செய்ய விழையும் நம்மனோர் 88 கட்டைகளை நாடவேண்டுவதில்லை. நம் பாட்டிற்கு 25 கட்டைகளே பெரிதும் போதும். ஆயின் சிறு கருவிகள் சிலவற்றிற் சக்கரம் இராது; அஃது உளதா என நோக்கியே கொள்க. பாட்டை முதலிற் செவியாற் கற்றுப் பின்னரே சக்கரத்திற் கைவைத்தல் முறை.