இடி விழுந்த இடம் எவ்வளவு தூரம்?

மழைக்காலம். வயலில் நடவு நடக்கிறது. வானத்தில் மின்னல் வெட்டுகிறது. சற்று நேரம் கழித்து இடி கேட்கிறது.

மின்னலும் இடியும் ஒரே நேரத்தில்தான் உண்டாகின்றன. ஆனால் மின்னல் முதலில் தெரிகிறது. ஏன்?

ஒளி மிக வேகமானது. ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அதனால் மின்னல் உடனே தெரிகிறது. இடியின் ஓசை ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 1 கிலோமீட்டர் செல்ல அதற்கு ஏறக்குறைய 3 விநாடி ஆகும்.

கணக்குப் போடுவோம்

வேகம் × நேரம் = தூரம்

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி. இடி கேட்டதும் நிறுத்துங்கள். வந்த எண்ணை 3 ஆல் வகுத்தால் தூரம் தெரியும்.

முதல் மின்னல்: 15 விநாடி. 15 ÷ 3 = 5 கி.மீ.
அடுத்த மின்னல்: 9 விநாடி. 9 ÷ 3 = 3 கி.மீ.

எது அருகில்? இரண்டாவதுதான். ஆபத்து நெருங்கி வருகிறது.

என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலில் வேலை செய்வோர் அவர்களில் பலர்.

30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்துங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

அரை நாள் கூலி போனால் நாளை சம்பாதிக்கலாம். உயிர் போனால் வருமா?

பயிற்சி

1. 12 விநாடியில் இடி கேட்டது. தூரம் எவ்வளவு?
2. முதலில் 6 விநாடி. பிறகு 18 விநாடி. மின்னல் நெருங்குகிறதா, விலகுகிறதா? இப்போது வயலுக்குப் போகலாமா?