மொட்டை மலை என்று யார் சொன்னது?

ஜூன் பிறந்தால் போதும், தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "நீலகிரியில் மொட்டையாகக் கிடக்கும் மலைகளில் ஆயிரம் மரக்கன்றுகள் நடுகிறோம், வந்து தொடங்கிவையுங்கள்." ஆண்டுதோறும் மறுக்கிறேன். ஆண்டுதோறும் அதே அழைப்பு.

நம்பிக்கை: மலைப் புல்வெளி, காடு அழிந்த தரிசு. மரம் நட்டால் ஓடையில் நீர் பெருகும்.

உண்மை: இரண்டுமே தவறு.

நீலகிரியின் பள்ளங்களில் மட்கிய சேற்றுமண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அங்குள்ள புல்லும் மரமும் மண்ணில் விட்டுச்செல்லும் கார்பன் ஒரே வகை அல்ல; மட்கினாலும் அந்த அடையாளம் அழியாது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் அதைப் படித்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கிலும் புல்தான் மிகுதி! யார் வந்து காட்டை வெட்டினார்கள்? வறட்சி மிகுந்தபோது புல்வெளி விரிந்தது. மழை கூடியபோது சோலை பரவியது. புல்லுக்கும் சோலைக்கும் எல்லை போட்டது காலநிலை.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். நீலகிரியின் கிளென்மார்கனில் இரண்டு ஓடைப்படுகைகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் 1972இல் தைலமரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி தழைத்த அடுத்த பத்தாண்டில் இழப்பு ஏறக்குறைய 25 விழுக்காடு. மரம் நட்டு ஓடையை வற்றவைத்துவிட்டு, அதற்குப் பசுமைப் பணி என்று பெயர் வைக்காதீர்கள்.

நம்பிக்கை: செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடினால் காடு வளர்கிறது.

உண்மை: அயல்மரமான சீகையும் பச்சைதான், களையான உண்ணிச்செடியும் பச்சைதான். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. விழுங்கியவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விவசாயமும்.

நம்பிக்கை: காட்டில் வறட்சியின் பாதிப்பு அந்த ஆண்டோடு முடிந்துவிடும்.

உண்மை: முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் மரங்களுக்கு எண்ணிட்டு, ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். வறண்ட காட்டின் பெரிய மரங்கள் மழை பொய்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அதிகம் சாகின்றன. ஒரு கோடையில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

பள்ளி ஆசிரியர்களே, கன்று நடும் விழாவை ஓர் ஆண்டு விட்டுவிடுங்கள். வளாகத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒரு மரத்துக்கு எண் கொடுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் மார்பு உயரத்தில் நூல் சுற்றி அளந்து, மழையளவோடு ஒரே நோட்டில் எழுதுங்கள். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் குழந்தை தன் பிள்ளையைச் சேர்க்க வரும் நாளில் அந்த நோட்டு அங்கே இருக்க வேண்டும்.